வேட்டை வல்லூறு: கலையும் குறையும்

1248-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், இத்தாலியிலுள்ள பார்மா நகரை முற்றுகையிட்டிருந்த சக்கரவர்த்தி இரண்டாம் பிரெடெரிக், பசி தாங்காமல் நகரத்தார் தாமே பணிந்துவிடுவார்கள் என்ற நிச்சயத்தில், தம் பாசறைக்கு ‘வெற்றி’ என்று முன்கூட்டியே பெயரும் சூட்டிவிட்டு, ஒரு நாள் காலை தம்முடைய ராஜாளிகளுடன் வேட்டைக்குப் புறப்பட்டுப் போனார். அவர் இல்லாத சமயம் பார்த்து நகரத்தார் வாயிலைத் திறந்துகொண்டு பாய்ந்து வந்து பாசறையைக் கொளுத்தினார்கள். கஜானா போயிற்று, கிரீடம் போயிற்று, அவற்றோடு, ஏறத்தாழ முப்பது ஆண்டுக்கால ஆராய்ச்சியின் பயனாக, பறவைகளைக் கொண்டு வேட்டையாடும் கலையைப் பற்றி அவர் எழுதிய பெருநூலின் அழகிய பிரதியொன்றும் போயிற்று.

இக்கலையை இகழ விரும்புகிறவர்களுக்கு இதைவிட வாகான கதை கிடைக்காது. ஆனால் அந்த நூலின் உள்ளடக்கத்தை அறிந்தவர்கள் அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்லிவிட மாட்டார்கள். பிணந்தின்னிக் கழுகு இரையை மோப்பத்தால் அறிகிறதா, பார்வையால் அறிகிறதா என்று கண்டறிவதற்காக, அதன் இமைகளைத் தைத்து மூடிவிட்டு எதிரே இறைச்சியை வைத்துப் பார்த்தவர் அந்தச் சக்கரவர்த்தி. மூக்குத் திறந்திருந்தும் கழுகு இறைச்சியைத் தொடவில்லை என்று குறித்துவைத்தார். வடகடல் ஓரத்து மரங்களில் ஒருவகைக் காட்டு வாத்து காய்த்துத் தொங்குவதாக மேனாட்டுப் பண்டிதர்கள் பரம்பரையாகச் சொல்லிவந்ததை நம்பாமல், அந்தக் கட்டைகளையே வருவித்துச் சோதித்து, அவற்றில் கிளிஞ்சல்களையன்றி வேறெதையும் காணோம் என்று முடிவு கட்டினார். அரிஸ்டாட்டிலின் வாக்கேயானாலும் தம் கண் கண்டதற்கு ஒவ்வாவிட்டால், அந்தத் தத்துவஞானி பறவை வேட்டையில் பழகியவரல்லர் என்று துணிந்து எழுதினார். பாசறையைப் பறிகொடுக்கச் செய்த அதே மோகந்தான் பிரத்தியட்சப் பிரமாணத்தை அடிப்படையாகக் கொண்ட ஒரு பறவை நூலையும் உலகுக்குத் தந்தது. கழுகின் இமையைத் தைத்த ஊசி கொடுமையின் கருவியா, ஞானத்தின் கருவியா என்று பிரித்துச் சொல்வது கடினம். இக்கலையின் சரித்திரம் முழுவதிலும் இந்த இரண்டும் பின்னிக்கொண்டே வருகின்றன. ஆதலால் புகழ்வோர் கூற்றையும் இகழ்வோர் கூற்றையும் ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, பறவைக்கும் மனிதனுக்கும் இடையே உண்மையில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவதே முறை.

காட்டிலிருந்து பிடித்து வந்த பெரிய வல்லூறு முதல் நாள் மனிதன் கையில் அமர்வதில்லை, தொங்குகிறது. தோல் கையுறையின்மேல் ஏற்றி வைத்த மறுகணமே முன்னோக்கிப் பாய்ந்து, கால்வாரின் நீளம் முடிந்த இடத்தில் தலைகீழாகச் சரிந்து, வாய் பிளந்தபடி சிறகடிக்கிறது. அவன் மற்றொரு கையை அதன் மார்புக்கடியில் கொடுத்து மெல்ல நிமிர்த்தி மீண்டும் அமர்த்துகிறான், மீண்டும் பாய்கிறது. இப்படி நூறு முறை நிகழ்ந்தாலும் அவன் முகம் சுளிக்கக்கூடாது. அதன் கண்ணை நேருக்கு நேர் உற்றுப் பார்க்கவும் கூடாது. ஏனெனில் உற்றுப் பார்ப்பது பறவையின் உலகத்தில் கொல்ல வருகிறவனின் செய்கை. விளக்கைத் தணித்த அறையில், விரல்களுக்கிடையே ஒரு துண்டு இறைச்சியை இடுக்கிக்கொண்டு, அவன் எங்கோ பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். இறகுகளை உடம்போடு ஒட்ட இறுக்கிக்கொண்டு, பயத்தால் மெலிந்தாற்போல் நிற்கும் பறவை, பல மணி நேரத்துக்குப் பிறகோ, சில வேளை இரண்டொரு நாளைக்குப் பிறகோ, சட்டென்று தலையைக் குனிந்து ஒரு கொத்துக் கொத்துகிறது. மனிதன் கையிலிருந்தபடி, தன் கண்ணை அவன்மேலிருந்து எடுத்து இரையின்மேல் வைக்கத் துணிந்த அந்த ஒரு கணந்தான் பயிற்சியின் தொடக்கம். அதற்கு முன் நடந்ததெல்லாம் வெறும் சிறைப்படுத்தல்.

அதன் பின் வரும் அடையாளங்களைத் தேர்ந்தவன் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போகிறான். இறுக்கியிருந்த இறகுகள் தளர்கின்றன. ஒரு காலை மடக்கி வயிற்று இறகுக்குள் இழுத்துக்கொள்கிறது. ஒரு முறை உடம்பு முழுவதையும் சிலிர்த்து உதறிவிட்டு அமைதியடைகிறது. பின்னர், எதிரேயுள்ள கட்டையிலிருந்து கைக்கு ஓர் எட்டு. அடுத்து ஒரு முழம். அடுத்து நீளக் கயிற்றில் பத்துக் கஜம், ஐம்பது கஜம். கடைசியாக ஒரு நாள் கயிறும் இல்லை. காலிலோ வாலிலோ கட்டிய சிறுமணியையும், இப்பொழுதெல்லாம் கட்டைவிரல் நுனியளவுள்ள ரேடியோக் கருவியையும் தவிர, பறவைக்கும் வானத்துக்கும் நடுவே அன்று எதுவுமில்லை. அது போக நினைத்தால் போகலாம், போனதும் உண்டு. இக்கலையின் உயர்வு முழுவதும், பழக்கியவன் பல வாரம் பாடுபட்டுப் பெற்றதை ஒவ்வொரு வேட்டையிலும் இழக்கத் துணிய வேண்டும் என்ற இந்த நிபந்தனையில் அடங்கியிருக்கிறது. அதன் இழிவுகளை ஆராய்ந்து பார்த்தால், பெரும்பாலும் அந்த நிபந்தனையிலிருந்து தப்பித்துக்கொள்ளும் முயற்சிகளாகவே அவை இருக்கக் காண்போம்.

யானையைப் பாகன் அங்குசத்தால் அடக்குகிறான். குதிரைக்குச் சவுக்கு இருக்கிறது. நாய், எஜமானனின் கோபத்தைக் கண்டு வாலைச் சுருட்டிக்கொள்கிறது. கூட்டத்தில் வாழாத, தலைவனென்றும் தொண்டனென்றும் அறியாத வல்லூற்றிடம் இவற்றில் எதுவும் பலிப்பதில்லை. அதை ஒரு முறை அடித்தால், அடித்தவன் பகைவன் என்பதைத் தவிர வேறு பாடம் எதையும் அது கற்றுக்கொள்வதில்லை. தண்டனை என்னும் சாதனத்தை மனிதன் கையிலிருந்து முற்றிலும் பிடுங்கிவிட்ட பழக்கும் முறை, எனக்குத் தெரிந்து, இது ஒன்றுதான். குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் தொழிலில் இருப்போர் சிலரைச் சில மாதம் ஒரு வல்லூற்றோடு விட்டுவைத்தால் நாட்டுக்கு நன்மை உண்டாகும் என்று நினைப்பதுண்டு.

ஆனால் அப்படி ஓர் ஆசிரியர் விட்டுவைக்கப்பட்ட வரலாறும் இருக்கிறது. அது அவ்வளவு நம்பிக்கை ஊட்டுவதாக இல்லை. டி. எச். ஒயிட் என்ற ஆங்கில எழுத்தாளர் 1930-களில் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, காட்டோரக் குடிசையொன்றில் ஒரு பெரிய வல்லூற்றைப் பழக்க முற்பட்டார். உதவிக்கு அனுபவஸ்தர் எவரையும் தேடிக்கொள்ளாமல், எட்மண்ட் பெர்ட் என்பவர் 1619-இல் எழுதிய நூலை வழிகாட்டியாகக் கொண்டு, பறவையையும் உறங்கவிடாமல் தாமும் உறங்காமல் இரவு பகலாக அதைக் கையில் சுமந்துகொண்டு நின்றார். அன்பு மேலிட்டபோது அளவுக்கு மீறி ஊட்டினார். வயிறு நிறைந்த பறவை அவரை ஏறெடுத்தும் பார்க்காதபோது மனம் நொந்து உணவைக் குறைத்தார். கடைசியில் இற்றுப்போன ஒரு கயிறு அறுந்து வல்லூறு பறந்தே போய்விட்டது. 1951-இல் வெளிவந்த அவருடைய ‘தி கோஷாக்’ என்னும் நூல் இலக்கியம் என்ற அளவில் உயர்ந்தது. பழக்கும் முறை என்ற அளவில் பிழைகளின் களஞ்சியம். அது நமக்கு உணர்த்துவது, அடியை நீக்கிவிட்டதனாலேயே ஒரு முறை தானாகக் கருணையுள்ளதாகிவிடாது என்பதுதான். கைப்பிடியில் அங்குசம் இல்லாத இடத்தில் தராசு இருக்கிறது. அங்குசத்தின் வேலையை மௌனமாகச் செய்வது அந்தத் தராசே.

தராசைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். பழக்குகிறவர்கள் பறவையை நாள்தோறும் நிறுக்கிறார்கள். வயிறு நிறைந்த வல்லூறு மரக்கிளையில் உட்கார்ந்துகொண்டு, கீழே கையை நீட்டிக் கூவும் மனிதனை மரத்தைப் பார்ப்பது போலப் பார்க்கும். எடை வெகுவாகக் குறைந்துவிட்டாலோ பறக்க வலுவின்றிச் சோர்ந்து நோயில் விழும். இவ்விரண்டுக்கும் இடையே, அது சுறுசுறுப்பாகவும் அழைப்புக்கு இணங்கக்கூடியதாகவும் இருக்கும் ஒரு குறுகிய இடைவெளி உண்டு. கிலோவுக்குக் கூடுதலாக நிற்கும் பெரிய வல்லூற்றுப் பெட்டைக்கு அந்த இடைவெளி சில பத்துக் கிராம். கால் கிலோ அளவே உள்ள குருவி வல்லூற்றுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சில கிராமே. அதை அறியாத கற்றுக்குட்டிகளின் கையில் குருவி வல்லூறுகள் ஒரே குளிரிரவில் மாண்டுபோவது அபூர்வமன்று.

‘பறவை தன் விருப்பத்தால் திரும்பி வருகிறது’ என்பது இத்துறையினரின் பெருமிதமான வாசகம். அதில் பாதி மெய். திரும்பி வரும்படி அதை யாரும் இழுப்பதில்லை; பட்டினியால் மெலிந்த பறவை வேட்டைக்கே உதவாது ஆகையால், வதைத்துப் பணியவைத்தார்கள் என்ற குற்றச்சாட்டும் நிலைக்காது; காட்டிலுள்ள பறவையும் பசித்தால்தான் வேட்டைக்குக் கிளம்புகிறது. ஆனால் காட்டுப் பறவையின் பசி அதற்கே உரியது. கையிலமரும் பறவையின் பசியோ மற்றொருவன் கிராம் கணக்கில் அளந்து வைத்தது. விருப்பமே இன்னொருவனால் தயாரிக்கப்படும்போது அதைச் சுதந்திரம் என்று அழைப்பது மிகை. மற்றொரு கோடியில், பறவை தம்மை நேசிப்பதாக உருகும் கூட்டமும் உண்டு. வல்லூற்றின் நெஞ்சில் நன்றிக்கு இடமிருப்பதாக நம்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அது வழக்கத்துக்கு இணங்குகிறது, இந்தக் கையில் ஆபத்தில்லை, உணவுண்டு என்று அறிகிறது, அவ்வளவே. அந்த அவ்வளவுக்குள்ளேயே நாணயமாக நடந்துகொள்கிறவன்தான் நல்ல வேட்டைக்காரன்.

வேட்டைக் களத்தில் முறை தலைகீழாகிறது, மனிதன் பணியாளனாகிறான். பெரிகிரின் என்று ஆங்கிலேயர் சொல்லும் பைரி, கண்ணை மறைத்திருந்த தோல் குல்லா தலையைவிட்டு அகன்றதும் சுழன்று சுழன்று ஏறி, கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் உயரத்தில் அவன் தலைக்கு நேர்மேலே காத்து வட்டமிடுகிறது. புதரிலுள்ள கௌதாரியைக் கிளப்பிவிடுவது நாய்க்கும் அவனுக்கும் உரிய வேலை. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அது விழுவதை அவன் பார்க்கலாமே தவிர அதில் அவனுக்குப் பங்கொன்றுமில்லை. பறவை இரையோடு தரையில் இருக்கும்போது அவன் ஓடிப்போய்ப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினவனை அது மறப்பதில்லை. சற்று எட்டவே மண்டியிட்டு, மெள்ள நகர்ந்து, கையுறையில் ஒரு நல்ல துண்டு இறைச்சியை நீட்டி, பறவை அதன்மேல் கால் மாற்றி ஏறிய பிறகே, அதன் பார்வைக்கு மறைவாக இரையைப் பைக்குள் நழுவவிட வேண்டும். இது ஒருவகைப் பண்டமாற்று. ஒவ்வொரு முறையும் பறவைக்கு லாபமாகவே முடியவேண்டிய பண்டமாற்று.

துப்பாக்கி வேட்டையோடு ஒப்பிடும்போது இதற்குரிய சிறப்பொன்று தெளிவாகிறது. குண்டுபட்டும் படாமலும் தப்பி, புதரில் கிடந்து நாட்கணக்கில் சாகும் பிராணிகள் துப்பாக்கிக்காரனின் கணக்கில் ஏறுவதில்லை. வல்லூற்றின் இரையோ பெரும்பாலும் ஒன்று அகப்படுகிறது, அல்லது முழுதாகத் தப்புகிறது, தப்புவதே அதிகம். ஆயினும் இந்த வாதத்தை அதற்குரிய எல்லைக்கு மேல் இழுக்கலாகாது. ராஜாளி இனத்துக்கு அலகின் விளிம்பில் பல் போன்ற ஒரு முனை உண்டு. அதனால் இரையின் கழுத்தெலும்பை ஒரு கடியில் முறித்துவிடும். பெரிய வல்லூற்றுக்கு அந்த வசதியில்லை. நகத்தால் நெருக்கியே கொல்கிறது. சில வேளை முயல் கூவிக்கொண்டிருக்கும்போதே மயிரைப் பிய்க்கத் தொடங்கிவிடுகிறது. வேட்டைக்காரன் மூச்சிரைக்க ஓடுவது அந்த முயலின் உயிரை விரைவில் முடிப்பதற்காகத்தான். இயற்கையின் செயல்தானே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்த வல்லூற்றை அந்த முயலின்மேல் அந்த நேரத்தில் ஏவியது இயற்கையன்று. மத்தியானம் ஆட்டிறைச்சியும் சாயங்காலம் ஜீவகாருண்யமும் பேசுகிறவர்களின் ஆட்சேபத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டியதில்லை என்றாலும், ஆட்சேபமே பொய்யாகிவிடாது.

இரையின் வலியைக் காட்டிலும் எனக்குப் பெரிதாகப்படுவது வேட்டையில்லாத நேரம். நாளொன்றுக்கு ஒரு மணியோ இரண்டு மணியோ பறக்கும் பறவை மீதிப் பொழுதெல்லாம் கட்டையிலோ கூண்டிலோ இருக்கிறது. ஒரே கட்டையில் நின்று நின்று உள்ளங்காலில் வீக்கமும் சீழும் கண்டு வருந்தும் நோய் பெரும்பாலும் சிறைப்பறவைகளுக்கே வருவது. பொறுப்புள்ளவர்கள் இதற்கெல்லாம் பரிகாரம் கண்டிருக்கிறார்கள். பிரெடெரிக் காலத்தில் ராஜாளியின் இமைகளையே நூலால் தைத்துவிட்டுப் பழக்கினார்கள். அராபியரிடமிருந்து கற்ற தோல் குல்லா அக்கொடுமையை நாளடைவில் ஒழித்தது. ஆனால் பொறுப்பு என்பது ஆளுக்கு ஆள் மாறுவது. அமெரிக்காவில் ஒருவன் இத்தொழிலில் இறங்குவதற்கு எழுத்துப் பரீட்சை, இருப்பிடச் சோதனை, அனுபவஸ்தர் ஒருவருக்குக் கீழ் குறைந்தது இரண்டு ஆண்டு சீடனாக இருத்தல் ஆகியவை சட்டத்தால் விதிக்கப்பட்டிருக்கின்றன. பிரிட்டனிலோ, கூண்டில் பொரித்த வல்லூற்றை வாங்கி வைத்துக்கொள்வதற்குத் தேர்ச்சி எதையும் காட்ட வேண்டியதில்லை. எளிதில் பழகும் ஹாரிஸ் வல்லூற்றை ஒரு மோகத்தில் வாங்கி, மோகம் தணிந்ததும் தோட்டத்துக் கொட்டகையில் போட்டுவைப்பவர்கள் அங்கே உண்டாவதற்கு இதுவே காரணம். குருமுகமாக வரவேண்டிய வித்தையைக் கடைச்சரக்காக்கினால் முதலில் துன்புறுவது பறவைதான்.

இத்தனை குறைகளுக்கும் எதிராகத் தராசின் மறுதட்டில் வைக்க வேண்டிய ஒரு செயலை இத்துறையினர் 20-ஆம் நூற்றாண்டில் செய்திருக்கிறார்கள். டி.டி.டி. என்ற பூச்சிமருந்து இரைப்பறவைகளின் உடலில் ஏறி, அங்கிருந்து பைரியின் உடலில் திரண்டு, அது இடும் முட்டையின் ஓட்டை மெலிவித்துவிட்டது. அடைகாக்க உட்கார்ந்த தாயின் பாரத்தாலேயே முட்டைகள் நொறுங்கின. பிரிட்டனில் டெரெக் ராட்கிளிப் 1967-இல் ஓடு மெலிந்ததைக் கண்டுபிடித்து வெளியிட்டார். அதற்குள் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கூடுகட்டும் பைரி ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1970-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாம் கேட் என்ற பேராசிரியர், தாமே ராஜாளி பழக்குகிறவராக இருந்தமையால், அத்துறையினரிடமிருந்த பறவைகளைத் திரட்டிக் கூண்டில் இனம்பெருக்கத் தொடங்கினார். மனிதர் கையில் வளர்ந்து, மனிதனையே தன் ஜோடியாகக் கருதிய ஆண் பறவைகள், பராமரிப்பவர் அணிந்த ஒரு விசேஷத் தொப்பியின்மேல் வந்து இறங்கி இணைவதும், அந்தத் தொப்பியின் மடிப்பிலிருந்து விந்து சேகரித்துப் பெட்டைகளுக்குச் செலுத்துவதுமாக, கேட்போர் சிரிக்கத்தக்க ஓர் ஏற்பாட்டினால் நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் பிறந்தன.

பிறந்த குஞ்சுகளை விடுவிக்கும் முறையும் பழைய வேட்டைக்காரர்களுடையதே. பயிற்சிக்கு முன் இளம் பறவையை உயரமான ஓரிடத்தில் வைத்து, ஆள் கண்ணில் படாமல் உணவிட்டு, சில வாரம் இஷ்டப்படி பறந்து திரிந்து உடல் வலுப்பெற விடுவது ஐரோப்பிய வழக்கம். அங்கே அந்தச் சில வாரத்துக்குப் பின் மீண்டும் பிடித்துவிடுவார்கள். கேட் குழுவினர் செய்த மாற்றம், பிடிக்காமல் விட்டுவிட்டதுதான். 1972-இல் அமெரிக்காவில் டி.டி.டி. தடுக்கப்பட்டது, இவர்கள் மொத்தம் 4,000-க்கு மேற்பட்ட பைரிகளை விடுவித்தார்கள், 1999-இல் அந்நாட்டின் அழிவுக்குள்ளாகும் பிராணிகளின் பட்டியலிலிருந்து பைரி நீக்கப்பட்டது. 1974-இல் காட்டில் நான்கே எஞ்சியதாக அறியப்பட்ட மொரீஷியஸ் தீவின் சிறு ராஜாளியைக் காப்பாற்றிய வேல்ஸ் தேசத்து கார்ல் ஜோன்ஸும் இந்த வித்தைகளில் தேர்ந்தவரே. பல நூற்றாண்டாக வேட்டை மோகத்தால் சேர்ந்த அறிவு வேட்டையை விட்டு விலகிய கணத்தில்தான் தன் உச்சத்தை அடைந்தது என்பதை இத்துறையின் ரசிகர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். அதிலுள்ள முரணை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

மோகம் என்று சொன்னேன். அதற்கு நம் நாட்டில் வியசனம் என்று பெயரிட்டு விசாரித்த நூலொன்று உண்டு. குமாயூன் தேசத்து அரசர் ருத்ரதேவர் வடமொழியில் இயற்றிய ‘சியைனிக சாஸ்திரம்’ பெரும்பாலும் வல்லூற்று வேட்டையைப் பற்றியது. 1910-இல் ஹரப்பிரசாத சாஸ்திரியார் அதைக் கல்கத்தாவில் பதிப்பித்தார். வேட்டை அரசர்க்குரிய வியசனங்கள் பதினெட்டில் ஒன்றாயிற்றே என்ற கேள்வியோடு நூலைத் தொடங்கி, அளவறிந்து அனுபவித்தால் வியசனங்களும் தோஷமாகா என்று அந்த அரசர் சமாதானம் சொல்கிறார். சமாதானம் சாமர்த்தியமானது, ஆனால் பார்மாவில் பாசறையை இழந்தவரும் தம்மை அளவறிந்தவர் என்றுதான் எண்ணியிருப்பார். அளவு எது என்பதை அனுபவிக்கிறவனே நிர்ணயிக்கும்படி விட்டுவிடுவதில்தான் வாதத்தின் ஓட்டை இருக்கிறது.

அந்த ஓட்டை எவ்வளவு பெரிதாகக்கூடும் என்பதற்குப் பாகிஸ்தானத்துப் பாலைநிலங்கள் சாட்சி. கானமயில் இனத்தைச் சேர்ந்த ஹுபாரா என்ற பறவை குளிர்காலத்தில் அங்கே வந்திறங்குகிறது. பாலைவனத்து அராபியன் ஒரு காலத்தில் இலையுதிர் காலத்தில் ஒரு ராஜாளியைப் பிடித்து, பழக்கி, ஒட்டகத்தின்மேல் சென்று, குளிர்காலத்தில் குடும்பத்துக்குக் கொஞ்சம் இறைச்சி தேடிக்கொண்டு, வேனில் பிறந்ததும் பறவையை விட்டுவிடுவான். கோடைமுழுதும் அதற்குத் தீனி போட அவனுக்கு வகையில்லை. எண்ணெய்ச் செல்வம் வந்தபின் ஒட்டகத்தின் இடத்தை மோட்டார் வண்டி வரிசைகள் பிடித்துக்கொண்டன. உள்நாட்டு மக்கள் தொடக்கூடாத ஹுபாராவை வேட்டையாட வளைகுடா ராஜவம்சத்தாருக்குப் பத்து நாளில் நூறு பறவை என்ற கணக்கில் விசேஷ அனுமதி வழங்கப்படுகிறது. 2015 ஆகஸ்டில் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் இதைத் தடுத்தது; 2016 ஜனவரியில் அந்தத் தடையை நீதிமன்றமே விலக்கிக்கொண்டது. வேட்டை ராஜாளியாகிய சேக்கரின் நிலையும் கவலைக்கிடமாயிற்று. அபுதாபி அரசு ஹுபாராவைக் கூண்டில் ஏராளமாக வளர்த்து விடுகிறது. மங்கோலியப் புல்வெளியில் சேக்கருக்கென ஆயிரக்கணக்கில் செயற்கைக் கூடுகள் அமைக்கப் பணம் தந்திருக்கிறது. இவற்றை மறைப்பது நேர்மையன்று. ஆனால் கொல்வதற்கென்றே வளர்த்து, வளர்த்ததைக் காட்டிலே தூவி, தூவியதைத் துரத்தும் ஏற்பாட்டில் பழைய கலையின் அபாயமும் இல்லை, பணிவும் இல்லை. மின்னணுக் கருவி வழி காட்ட, வண்டிகள் துணைவர, பல லட்சம் விலை கொடுத்து வாங்கிய பறவையை இழந்துவிட அங்கே யாரும் ஆயத்தமாக இல்லை.

2010-இல் யுனெஸ்கோ நிறுவனம், பதினொரு நாடுகள் சேர்ந்து விண்ணப்பித்ததன்பேரில், இக்கலையை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. பின்னர் நாடுகளின் எண்ணிக்கை இருபத்துநான்காக வளர்ந்தது. அந்தப் பட்டியலில் அரசர்களின் கலை அதிகம் பேசப்படுகிறது. எனக்கோ, துருக்கியின் கருங்கடற்கரையில் ரீசே, ஆர்த்வின் பக்கத்து ஏழைகளின் முறையே மனத்துக்கு உகந்ததாக இருக்கிறது. அங்கே இலையுதிர் காலத்தில் தேயிலைத் தோட்டக்காரனோ கடைக்காரனோ ஈரமண்ணைத் தோண்டி ஒரு பிள்ளைப்பூச்சியை எடுக்கிறான். அதை வைத்து ஒரு கீச்சானைப் பிடிக்கிறான். கீச்சானை ஒரு கோலில் ஆட்டிக் காட்டி, வலசைபோகும் குருவி வல்லூற்றை வலையில் விழவைக்கிறான். அந்த வல்லூற்றைக் கையில் ஏந்திக்கொண்டே காப்பிக்கடையில் உட்கார்ந்து, பேச்சிரைச்சலுக்கும் புகைக்கும் அதைப் பழக்கி, சில நாளிலேயே காடை வேட்டைக்கு ஆயத்தப்படுத்துகிறான். புதரிலிருந்து காடை எழும்பியதும், உள்ளங்கையில் அணைத்துப் பிடித்திருந்த பறவையை ஈட்டி எறிவதுபோல் எறிகிறான். காடைகள் அவ்விடத்தைக் கடந்து போனபின் வல்லூற்றை விட்டுவிடுகிறான்; அதுவும் தன் வழியே தெற்கே போகிறது. விலையில்லை, வமிசவிருத்தியில்லை, கொட்டகையில்லை. பழைய அராபியனைப் போலவே அவனும் பறவையை ஒரு பருவத்துக்கு இரவல் வாங்குகிறான்.

அதையும் மாசற்றதென்று சொல்லமுடியாது. இரவல் கேட்டு வாங்கியதன்று. கீச்சானின் பாட்டை நினைத்துப் பார்ப்பவர் எவருமில்லை. அனுமதிக்கு மேல் பிடிப்பவர்கள், பருவம் கழிந்தபின்னும் விடாமல் வைத்துக்கொள்பவர்கள் எங்கும் உண்டு. ஆனாலும் வல்லூறு இனத்துக் குஞ்சுகளில் பாதிக்குமேல் முதலாண்டிலேயே காட்டில் மடிந்துவிடுகின்றன என்பதைக் கருதும்போது, ஓர் இளம் பறவையைச் சில வாரம் ஊட்டி வைத்து வலுவோடு திருப்பியனுப்புவதால் இனத்துக்குக் கேடில்லை என்ற அவர்கள் வாதம் பெரும்பாலும் ஒப்பத்தக்கதே. மங்கோலியாவின் மேற்குக் கோடியில் பொன்கழுகைக் கொண்டு நரி வேட்டையாடும் கஸாக்கியர்களும் சில ஆண்டுகளுக்குப் பிறகு கழுகை மலைக்கே திருப்பிவிடும் வழக்கமுடையவர்கள். 1999 முதல் அங்கே அக்டோபரில் நடக்கும் கழுகுத் திருவிழாவுக்குப் புகைப்படக்காரர்கள் கூட்டம் பெருகிய பின்னர், வேட்டைக்கென்றல்லாமல் படத்துக்கென்றே கழுகு வைத்துக்கொள்வோர் தோன்றிவிட்டார்கள். அவர்களுக்குக் கழுகை விடுவிக்க என்ன அவசரம்?

நம் தேசத்தில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்விசாரணைக்கே இடமில்லாமல் செய்துவிட்டது. ஐன்-இ-அக்பரியில் தனிப் பகுதி பெற்றதும், பாவ்நகர் சமஸ்தானத்தில் இளவரசர் தர்மகுமாரசிங்ஜி காலம்வரை உயிரோடிருந்ததுமான வித்தை இன்று குற்றம். இவ்வளவு பெரிய நாட்டில், இவ்வளவு குறைந்த காவலோடு, பறவைச் சந்தைகள் எங்கும் மறைவாக நடந்துகொண்டிருக்கையில், வேறெந்தச் சட்டமும் பலன் தந்திராது. ஆகவே தடை நியாயமானதே என்பது என் முடிவு. அதைத் தளர்த்தி மீண்டும் கௌதாரி வேட்டையை அனுமதிக்க வேண்டுமென்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் வேட்டையைத் தடுப்பதற்கும் வித்தையை அழியவிடுவதற்கும் வித்தியாசம் உண்டு. ராஜாக்களுக்கும் நவாபுகளுக்கும் பறவை பிடித்துக்கொடுத்த பிகார் மாகாணத்து மீர்ஷிகார்களின் வலையும் கண்ணியும், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தாரின் ஏற்பாட்டில், நமது கோடியக்கரையில் வலசைப் பறவைகளை இறகு கசங்காமல் பிடித்து, காலில் வளையமிட்டு விடுவதற்குப் பயன்பட்டன. கை அதே கைதான். பழக்குகிறவனின் வித்தைக்கும் அப்படி ஓர் இடம் காத்திருக்கிறது. பட்டத்தின் மாஞ்சாக்கயிறு அறுத்தோ மின்கம்பியில் மோதியோ சிறகொடிந்து, இரண்டு மூன்று மாதம் கூண்டில் கிடந்து தேறிய பருந்தை அப்படியே வானில் எறிந்தால், தசை வற்றிப்போன அந்தப் பறவை அடுத்த மரம்வரை சென்று அங்கேயே பட்டினியால் சாகும். அதை நாள்தோறும் நிறுத்து, நீளக் கயிற்றில் பறக்கவிட்டு, மூச்சு நிலைபெற்றபின் பொய்யிரையைச் சுழற்றித் துரத்தவைத்து, தன் இரையைத் தானே பிடிக்குமென்று உறுதிப்பட்ட பிறகு விடுவிப்பதே முறை. மேல்நாட்டுப் பறவை வைத்தியசாலைகள் பலவற்றில் வல்லூறு பழக்கத் தெரிந்தவர்கள் அவ்வாறு செய்துவருகிறார்கள். நம் வனத்துறையின் அனுமதி பெற்ற சிகிச்சை நிலையங்களிலும் அதைக் கற்றுக்கொடுக்கவும் கற்றுக்கொள்ளவும் வெளிப்படையான உத்தரவும், பயிற்சி பெற்றவர் யார், பறவை எப்பொழுது வந்தது, எந்த எடையில் வெளியேறிற்று என்று எழுதிவைக்கும் பதிவேடும் வேண்டும். உத்தரவு எழுதுவோர், எவரும் பறவையைச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாகாது என்ற விதியை அதில் முதல் விதியாகச் சேர்க்கலாம்.